சத்தியத் தண்ணீர்

அரண்மனைப் படகு புதன்கிழமை சாயங்காலம் வந்தது. நான்கு பேர் சேர்ந்து ஒரு சின்ன மண்குடத்தை இறக்கினார்கள். குழந்தைகூடத் தூக்கிவிடும் குடம்தான். ஆனால் அதன்மேல் மஞ்சள் துணி போர்த்தியிருந்தது. சுல்தான் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் உடுத்தக்கூடாத மஞ்சள். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அதைப் பார்த்ததும் தண்ணீரிலேயே முழங்கால் போட்டார்கள்.

மஸ்துரா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினைந்து வயது.

மூன்று கழிமுகங்களில் மொண்ட தண்ணீர் அது. அதில் சுல்தானின் கிரிஸ் கத்தியை மூன்று முறை முக்கி எடுத்திருந்தார்கள். பட்டம் வாங்கப் போகிறவர் வீட்டில் மூன்று இரவு இருக்கும். சனிக்கிழமை சபையில் அவர், யார் சொத்தையும் அபகரித்ததில்லை என்று சத்தியம் செய்துவிட்டு அதைக் குடிக்க வேண்டும். சத்தியம் பொய்யாக இருந்தால் ஏழே நாளில் வயிறு ஊதிச் சாவு. அவரோடு நிற்காது, வீட்டிலிருக்கும் மற்றவர்களையும் தொடும். அந்த ஆற்றங்கரையில் இதைச் சந்தேகப்பட்டவர் யாரும் இல்லை. மஸ்துராவும் சந்தேகப்படவில்லை.

"வீட்டுல கல்யாணமாகாத பொண்ணு இருக்கா?" என்று கேட்டார் குடத்தோடு வந்த அரண்மனைக்காரர்.

"என் மக இருக்கா" என்றார் அப்பா.

"அப்ப அவதான் பொறுப்பு. தினம் காலையில பூ மாத்தணும். சனிக்கிழமை அவதான் தூக்கிட்டு வரணும். வேற ஒருத்தர் கை படக்கூடாது. துணியை நீகூட விலக்கக்கூடாது. கேட்டியாம்மா?"

கேட்டது. தலையாட்டினாள்.

அப்பா, மெகாட் லோக்மான், மாவட்ட நில அலுவலகத்தில் உதவி அதிகாரி. அவருடைய தாத்தா ஓராங் காயா பட்டத்தோடு இந்தக் கழிமுகத்தையே ஆண்டவர். போகிற படகு வருகிற படகு எல்லாம் அவர் துறையில் நின்று வரி கட்டிவிட்டுத்தான் நகரும். வெள்ளைக்காரன் வந்து வரியை எடுத்துக்கொண்டு, பேரனுக்குப் பள்ளிக்கூடமும் மாதச் சம்பளமும் கொடுத்தான். பதினான்கு வருடத்தில் ஆறு வெள்ளைக்கார அதிகாரிகள் வந்து போய்விட்டார்கள். இப்போது இருப்பவனுக்கு இருபத்துநான்கு வயது. அப்பா பெயரைச் சரியாகச் சொல்லக்கூடத் தெரியாது.

"டென்னிஸ் ஆட ஆள் கெடைக்கலேன்னா என்னைக் கூப்பிடுவான்" என்பார் அப்பா. "ஜெயிச்சா மூஞ்சி சுருங்கிப்போகும். பதினாலு வருஷமா தோத்துக்கிட்டே இருக்கேன்."

இதெல்லாம் அவர் மனசில் கிடந்து புளித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் சுல்தானின் தம்பி துங்கு பத்லி இரண்டு முறை சாப்பிட வந்தார். இரண்டாவது முறை, டுரியான் பழத்தின் கொட்டையைச் சப்பிக்கொண்டே கேட்டார்: "லுபோக் தாப்பா ஆத்தங்கரை காலியாத்தானே கெடக்கு, லோக்மான்?"

அங்கே பதினொரு குடும்பங்கள் வயல் வைத்திருந்தன. அப்பா இன்னொரு சுளையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உங்க தாத்தா பட்டமும் ரொம்ப வருஷமா காலியாத்தான் கெடக்கு" என்றார் துங்கு, விரலைக் கழுவிக்கொண்டே.

அடுத்த வாரம் அப்பா பழைய நிலப் பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கரையான் அரித்த புத்தகம். புதிதாகப் பார்த்து எழுதச் சொல்லி வெள்ளைக்காரனே உத்தரவு போட்டிருந்தான். குமாஸ்தாவிடம் கொடுத்தால் ஊரெல்லாம் பேசுவான். மலாய் மொழியை அரபு லிபியில் எழுதும் ஜாவியில் மஸ்துராவின் எழுத்து குமாஸ்தா எழுத்தைவிட அழகு.

"இந்தப் பக்கத்தை மட்டும் எழுதாதே. காலி நிலம்னு போடு."

"இதுல பாக் டெராமான் பேரு இருக்கேப்பா."

"கரையான் தின்ன பக்கம். உன்னால படிச்சிருக்க முடியாது."

எழுதினாள். ஜாவி படிக்கத் தெரியாத வெள்ளைக்காரன் கையெழுத்துப் போட்டான். பழைய புத்தகம் சமையலறைக்குப் பின்னால் எரிந்தது. இது நடந்து மூன்று மாதம். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி லுபோக் தாப்பாவுக்கு இப்போது நோட்டீஸ் போயிருந்தது.

அவள் மாமா என்ற பொருளில் 'பாக்' என்று கூப்பிடும் டெராமான்தான் அவளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் படகில் கொண்டுபோய் விடுவார். அவளை 'புத்ரி', இளவரசி, என்றுதான் கூப்பிடுவார். வியாழக்கிழமை காலையிலும் வந்தார். அவள் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"என்ன புத்ரி, அப்பாவுக்குப் பட்டம் வருது, நீங்க பட்டினி கெடந்த பூனை மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல, பாக்."

"எங்க ஊர்ல மனு எழுதலாம்னு குதிச்சானுங்க. நான்தான் வேணாம்னேன். மனு குடுத்தா வெள்ளைக்காரன் புத்தகத்தைப் பாப்பான். புத்தகத்துல நாங்க இல்ல. தண்ணிக்குப் புத்தகம் எதுக்கு? சனிக்கெழம அதுவே சொல்லிடும்."

"ஒண்ணும் ஆகலேன்னா?"

"அப்ப அது எங்க நெலமே இல்ல." துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "எங்க தாத்தா பெரிய புளுகர், தெரியுமில்ல? முதலை முதுகுல ஏறி அக்கரைக்குப் போனேம்பாரு. இது நம்ம நெலம்னு சொன்னதும் அதே வாய்தான்."

அன்று சாயங்காலம் அப்பா குடத்துக்கு எதிரே பாயில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை. கொடுத்த காபி ஆடை படிந்து கிடந்தது.

"குடிக்காம இருந்துட முடியாதாப்பா?"

"ஏன் குடிக்கலேன்னு கேப்பாங்களே."

பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னார்: "யோசிச்சுப் பாத்தா நான் எதையும் எழுதல, மஸ்து. அந்தப் பக்கத்துல என் கை ஒரு கோடுகூட இழுக்கல. தண்ணிக்கு அதெல்லாம் தெரியும், இல்ல?"

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது எழுதிய கையைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டாள். அவர் தைரியம் தேடிக்கொண்டிருந்தார். அது அவளுடைய கையில் கிடைத்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆண்கள் எல்லோரும் மசூதிக்குப் போனார்கள். அம்மா விருந்துக்கு மஞ்சள் அரிசி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். மஸ்துரா மல்லிகை வாடிவிட்டது என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்கு இறங்கினாள். மஞ்சள் துணியை விலக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தால் வெறும் தண்ணீர். லேசாகச் சேற்று வாசம். அடியில் ஒரு சின்ன இலைத்துண்டு.

ஆற்றில் கவிழ்த்தாள். இரண்டு சொட்டு மணிக்கட்டில் பட்டது. பாவாடையில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், தோல் சிவக்கும்வரை துடைத்தாள். பிறகு கிணற்றுத் தண்ணீரை நிரப்பித் துணியைப் போர்த்திப் புதுப் பூ வைத்தாள். அப்பாவைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றவா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

சனிக்கிழமை சபையில் அரண்மனை முரசு ஒலித்தது. வெள்ளைக்கார அதிகாரி பக்கவாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலுக்கு வெளியே லுபோக் தாப்பா ஆட்கள், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் நின்றார்கள். மஸ்துரா முழங்காலாலேயே நகர்ந்து போய்க் குடத்தை வைத்தாள்.

அப்பாவின் தலைப்பாகைக்குக் கீழே வியர்வை ஓடியது. சத்தியம் சொல்லும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. வெள்ளிக் கிண்ணம் பல்லில் பட்டுக் கடகடத்தது. குடித்தார். வாசலில் நின்ற டெராமான் கழுத்தை நீட்டிப் பார்ப்பதை மஸ்துரா பார்த்தாள்.

ஏழு நாள் அப்பா அலுவலகம் போகவில்லை. கஞ்சி மட்டும் குடித்தார். சட்டையைத் தூக்கிச் சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் மஸ்துராவைக் கூப்பிட்டு, "உனக்கு ஒண்ணும் இல்லையே? வலி கிலி?" என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் அதற்கும் பயந்த மாதிரிதான் தெரிந்தது.

எட்டாம் நாள் குளித்துவிட்டு வந்து நான்கு தட்டுச் சோறு சாப்பிட்டார், மீன் குழம்போடு. அம்மா அழுதுகொண்டே பரிமாறினாள்.

"பாத்தியா?" என்றார். "தண்ணிக்குத் தெரியும். அது காலி நெலம்தான். என்னமோ பெரிய பாவம் பண்ணிட்ட மாதிரி மூணு மாசம் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டேன், முட்டாள்."

வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். அந்த முகத்தில் அவள் எப்போதும் பார்த்த ஒரு சுருக்கம் இல்லாமலே போயிருந்தது. அன்றைக்கு டென்னிஸில் வெள்ளைக்காரனை ஜெயித்துவிட்டு வந்தார்.

லுபோக் தாப்பாவில் யாரும் கத்தவில்லை. வீட்டுப் பலகைகளைக் கழற்றிப் படகுகளில் அடுக்கினார்கள். டெராமான் கடைசியாக ஒருமுறை அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தார். படகில் பாதி இடத்தை அவருடைய வீட்டு ஏணி அடைத்துக்கொண்டிருந்தது. பாதி ஆறு தாண்டும்வரை துடுப்பை மட்டும் போட்டார்.

"புளுகித்தான் இருக்காரு எங்க கெழவன்" என்றார் அப்புறம். "முதலைக் கதை மாதிரியே. அடுத்தவன் நெலத்துல மூணு தலைமுறையா சாப்பிட்டிருக்கோம். வெக்கமா இருக்கு, புத்ரி."

"பாக்."

"உங்கப்பாவை மனசுக்குள்ள ரொம்ப திட்டிட்டேன். செத்துப்போகட்டும்னுகூட நெனச்சேன். மன்னிக்கச் சொல்லுங்க."

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். சொன்னால் அரண்மனை இன்னொரு குடம் அனுப்பும். அப்பா மறுபடி கிண்ணத்தை எடுப்பார், இந்த முறை கை நடுங்காமல் எடுப்பார். மஞ்சள் துணியை விலக்கிய கையை அவர்கள் என்ன செய்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள்.

"சொல்றேன், பாக்" என்றாள்.

அவர் படித்துறையில் கைகொடுத்து இறக்கிவிட்டார். எப்போதும் போல, வழுக்கும் என்று எச்சரித்தார்.

வீட்டில் அப்பா மேஜையைத் துடைத்து வைத்திருந்தார். புது மைக்கூடு. மேல்கரை ஊர்களின் பழைய பதிவேடு, இதுவும் கரையான் அரித்தது. பக்கத்தில் துங்கு அனுப்பிய டுரியான் கூடை, பாதி காலி.

"வா மஸ்து, உக்காரு. வெளிச்சம் இருக்கும்போதே ஆரம்பிச்சுடலாம்."

உட்கார்ந்தாள். மணிக்கட்டைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"எந்தப் பக்கத்தை விடணும்?" என்று கேட்டாள்.