உண்மை தந்த விடுமுறை

நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன் நான். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டினாலே தாளில் உள்ள பிழைகள் எழுந்து நின்று கையைத் தூக்கிச் சரணடையும். சந்திப்பிழைகள் அழுதே விடும். எங்கள் சபையில் எனக்குக் 'கழுகு' என்று பட்டப்பெயர். அந்தக் கழுகுதான் போன ஞாயிறு ஆராதனைக்கு முன், பாடகர் வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தது.

பீடத்துக்குப் பின்னால் இருபதடிப் பேனர். 'உண்மை விடுதலை தரும்' என்று இருக்க வேண்டிய இடத்தில், ஆனை ஆனையாக எழுத்து: 'உண்மை விடுமுறை தரும்.'

சபை சிரித்துக் குலுங்கிய குலுங்கலில் கூரை ஓடு நாலைந்து இடம் மாறியிருக்கும்.

பேனரை அச்சடித்தவன் என் மைத்துனன். அச்சுக்கடை திறந்து மூன்றே மாதம். சபைச் செயலர் அவனைத் தூணோரம் நிறுத்தி வறுத்தெடுத்தார்.

"என்ன தம்பி, ஆண்டவர் நமக்கெல்லாம் லீவு விட்டுட்டாரா? இனிமே சபை வேலை ஒண்ணுகூட உன் கடைக்கு வராது!"

சபை வேலை போனால் கடைக்குப் பூட்டுதான். அவனோ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். காரணம், அவன் காட்டிய மாதிரித் தாளில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டவன் நான். வாசிக்கவில்லை. மூன்றே வார்த்தை; அதை வாசிப்பது கழுகுக்குக் கௌரவக் குறைச்சல்!

"நீங்க பாத்துக் குடுத்ததுதானே அது?" என்று கிசுகிசுத்தாள் மனைவி.

"சும்மா இரு."

"அப்புறம் ஏன் நெளியறீங்க? எறும்பு கடிக்குதா?"

போதகர் பேனரைத் திரும்பிப் பார்த்து, சிரிப்பை விழுங்கிவிட்டு ஆரம்பித்தார். "விடுதலைன்னா நெனச்சபடி திரியறது இல்லைங்க. மறைக்க ஒண்ணும் இல்லாம நிக்கறது. நம்ம லட்சணம் முழுசும் தெரிஞ்சுதான் இயேசு நம்மள நேசிச்சார். அப்புறம் யாருக்குப் பயந்து வேஷம்?"

எனக்குள் என்னவோ அறுந்தது. எழுந்துவிட்டேன்.

"ஐயா, தப்பு என்னோடது! படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்!"

சொன்னதுதான் தாமதம், உடம்பு பஞ்சாகிவிட்டது. கால் தரையை விட்டு இரண்டு முழம் எழும்பியது. வாய் நிற்கவே இல்லை.

"பதினெட்டு வருஷமா பாட்டுல நான் வாயை மட்டும்தான் அசைக்கறேன்!"

"அது எங்களுக்குத் தெரியுங்க," என்றார் ஆர்கன்காரர். "தெரிஞ்சுதான் வெச்சிருக்கோம்."

"ஜெபத்துல தூங்கறேன்!"

"குறட்டையே கேக்குது. உக்காருங்க," என்று சட்டையை இழுத்தாள் மனைவி.

அதற்குள் மைத்துனன் ஓடி வந்தான். "அத்தான், நானும் ஒண்ணு சொல்லிடறேன். அடிக்கும்போதே எனக்கு லேசா இடிச்சுது. ஆனா நீங்க சரின்னு போட்டிருந்தீங்களா... கழுகுக்குத் தெரியாத தமிழா, இத்தனை நாளா விடுதலைன்னு சொன்னதுதான் தப்போன்னு நெனச்சு..."

சபை வெடித்தது. என் பெருமைக்கு நான் மட்டுமா அடிமை, பாவம், அவனுமல்லவா! இருவரும் கட்டிப்பிடித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

செயலர் அவன் தோளைத் தட்டினார். "மன்னிச்சுக்கோ தம்பி. அடுத்த பேனரும் நீயே அடி. ஆனா அவசரம்னா வழியில போறவங்ககிட்டகூடக் காட்டு, இவர்கிட்ட மட்டும் காட்டாதே."

"ஆமென்!" என்று முதலில் கத்தியவன் நான்தான்.