நவம்பர் பதினான்காம் தேதிக் காற்று

சீஸ் வைத்துச் சுட்ட பனித்ஸா அப்பத்தைத் தயிரில் தொட்டுத் தின்றுகொண்டே, நகர மன்றத்தில் வாசிக்க வேண்டிய தாள்களை டோப்ரின் இன்னொரு முறை புரட்டினார். செர்னோ போலே ஊரின் நிலக்கரி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி எவ்வளவு கந்தகப் புகையைக் கக்குகிறது என்று பத்தொன்பது வருடமாக அளந்து எழுதுபவர் அவர். அவர் மனைவி ரூமியானா குழந்தைகள் வார்டில் நர்ஸ்.

"எல்லாம் அளவுக்குள்ளதான்னு வாசிக்கப் போறியா?" என்றாள்.

"இருக்கறதத்தானே வாசிக்க முடியும்?"

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

மன்றத்தில் நிற்க இடமில்லை. நிலையம் இன்னும் பத்து வருடம் ஓடலாமா, அல்லது அதை மூடிவிட்டுச் சுரங்கம் தோண்டிப் பாழான நிலத்தில் சோலார் தகடுகள் பதிக்கலாமா, இல்லை வெளியிலிருந்து அணுமின்சாரம் வாங்கலாமா என்று ஊரார் அன்று கை தூக்கிச் சொல்ல வேண்டும். ஊரில் பாதி வீட்டில் நிலையத்துச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

சோலார் நிறுவனத்துப் பெண் முதலில் பேசினாள். "டிசம்பர் பனிமூட்டத்துல என்னம்மா பண்ணுவே? சூரியனுக்குத் தந்தி அடிப்பியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூடம் சிரித்தது. அவள் முகம் சிவந்தாலும் மழுப்பவில்லை. "அந்த மாசம் எங்களால மட்டும் முடியாது. வேற மின்சாரமும் வேணும். இப்ப இருக்கற அளவுக்கு இங்க வேலையும் கிடைக்காது."

அடுத்து ரூமியானாவின் தம்பி யாசென். தான்யூப் நதிக்கரை அணுமின் நிலையத்திலிருந்து வந்திருந்தான். "எங்ககிட்டப் புகை கிடையாது. வெயிலோ பனியோ, ஓடிக்கிட்டே இருக்கும்" என்றான்.

"எரிஞ்சு முடிஞ்ச எரிபொருள எங்கப்பா வைக்கறீங்க? உன் கட்டிலுக்கு அடியிலயா?" என்று அதே குரல் கேட்டது.

"தண்ணித் தொட்டியில. அப்புறம் கான்கிரீட் கூடத்துல. ஆயிரம் வருஷம் கழிச்சு அத யாரு காவல் காப்பாங்கன்னு கேட்டா, எனக்குத் தெரியாது."

அவனையும் விசிலடித்து உட்கார வைத்தார்கள்.

டோப்ரின் எழுந்தார். கடந்த ஒரு வருடத்தில் ஒரு நாள்கூடப் புகை அனுமதித்த அளவை மீறவில்லை என்று வாசித்தார். கைதட்டல் அடங்கும்போது ரூமியானா எழுந்து நின்றாள்.

"நவம்பர் பதினாலாம் தேதி எவ்வளவு?"

அவர் தாளைப் பார்த்தார். "அந்த வருஷத்துலயே சுத்தமான நாள்."

"அன்னைக்கு மூச்சு விட முடியாம பதினோரு புள்ளைங்க என் வார்டுக்கு வந்தாங்க. ரெண்டு பேருக்கு ஒரே கட்டில்."

அந்த நவம்பர் நாளில் புகைபோக்கியின் வடிகட்டி பழுதாகியிருந்தது. மேலதிகாரி சொன்னபடி, ஜூன் மாதத்து எண் ஒன்றை எடுத்து அந்த நாளுக்கு எழுதியவர் டோப்ரின்தான். தாளை மடித்துக்கொண்டார். "வீட்டுல போய்ப் பேசிக்கலாம், ரூமியானா" என்றார். கூடமே குலுங்கிச் சிரித்தது. நிலையம் இன்னும் பத்து வருடம் ஓடப் பெருவாரியான கைகள் உயர்ந்தன. எல்லாரையும்விட உயரமாகக் கை தூக்கியவன், அவரோடு வேலை பார்க்கும் மித்கோ.

மூன்று நாள் கழித்து, மதியம் டோப்ரின் ரூமியானாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனார். வார்டில் மித்கோவின் நாலு வயது மகள் ஆக்ஸிஜன் முகமூடிக்குள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். கட்டிலருகே நின்ற மித்கோ அவர் கையைப் பற்றினான். "உன் தாளு மட்டும் இல்லேன்னா, நம்ம புகையாலதான் இப்படின்னு பயந்திருப்பேன் அண்ணே."

டோப்ரின் நேராக அலுவலகம் போய், நவம்பர் பதினான்காம் தேதியின் உண்மையான அளவுகளைப் படியெடுத்து நகர மன்றத்தில் கொடுத்தார். எழுத்தர் அதைத் தொடக்கூட இல்லை. "கூட்டம் முடிஞ்சு போச்சுய்யா. தூக்கின கையை இப்ப யாரு இறக்கறது?"

மறுநாள் அவரைச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். வாசித்த எண் பொய் என்று தெரிந்ததும் மித்கோ அவரோடு பேசுவதை நிறுத்தினான்.

"சொல்லிட்டேன், ரூமியானா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார் டோப்ரின், அன்றிரவு வீட்டில்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. "சோலார்க்காரி தன் குறையச் சொன்னா. என் தம்பியும் சொன்னான். ரெண்டு பேரையும் பார்த்து ஊரு சிரிச்சுது. குறையே இல்லேன்னு சொன்ன உன்ன மட்டும் நம்புச்சு. கரியோ, அணுவோ, சூரியனோ, எதுலயும் ஒரு கெடுதல் இருக்கும் டோப்ரின். அத நேர்மையா அளந்து சொன்னாத்தான் ஜனங்க சரியானத எடுக்க முடியும். அளக்கறவனே பொய் சொன்னா, அந்தப் பொய்க்கு விலை குடுக்கறது புள்ளைங்களோட மூச்சு."