இடக்கைக்கு ஒரு மேசை

மனைவிக்கு எல்லாமே இடக்கை. கரண்டி, கத்தரி, கோபம் வந்தால் நீட்டும் விரல் எல்லாம். வீட்டுப் பின்னறையில் மரவேலை செய்கிறவளும் அவள்தான். கணவன் வயர்மேன். சுவரைத் துளைக்கத் தெரிந்தவன், மரத்தை இழைக்கத் தெரியாதவன்.

மரத்தின் ஓரத்தை வழித்து வளைவு எடுக்கும் ரவுட்டர் மிஷின் ஒருநாள் அவள் பிடியிலிருந்து துள்ளி, கட்டைவிரல் நகத்தைக் கொண்டுபோனது. நகம் முளைத்துவிட்டது. துணிச்சல் முளைக்கவில்லை. தங்கைக்கென்று ஆரம்பித்த அலமாரி அப்படியே நின்றது. கேட்டால், "சூடுபட்ட பூனைங்க நான்" என்பாள்.

அவள் சும்மா இருப்பதை அவனால் தாங்க முடியவில்லை. வீடு ரொம்பச் சுத்தமாகிவிட்டது. மிஷினை மேசைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டால் கையில் பிடிக்கவே வேண்டாம், மரத்தை நகர்த்தினால் போதும் என்று எங்கோ பார்த்துவிட்டு வந்தான். லீவு நாளெல்லாம் பின்னறையே கதி என்று கிடந்தான்.

அவள் பாத்திரம் தேய்க்கும்போது பின்னால் போய் இடுப்பு உயரம் அளந்தான்.

"என்னங்க, சவப்பெட்டிக்கா?"

"உனக்குப் பத்துமா அதெல்லாம்? மேசைக்கு."

கனத்த பிளைவுட் பலகை. நடுவில் துளை, அதன் வழியே, மிஷினில் சுழன்று மரத்தை வெட்டும் பிட்டின் பல் மட்டும் எட்டிப் பார்த்தது. மரம் ஒட்டியபடி நகர ஒரு தடுப்புக் கட்டை. சுவிட்ச் இடப்பக்கம். மரத்தைப் பின்வாங்க விடாமல் அமுக்கும் சீப்புக் கட்டையையும் இடமிருந்து வலமாக மட்டும் மரம் போகும்படி முடுக்கினான். உலகத்தையே வலக்கைக்காரர்களுக்குச் செய்திருக்கிறார்கள். இது ஒன்றாவது அவளுக்கு இருக்கட்டும்.

அவள் பின்னறை வாசற்படியைத் தாண்டவில்லை. அவனே ஒரு துண்டுக் கட்டையை இடப்பக்கமிருந்து தள்ளினான். பிட் அதை அவன் கையிலிருந்து பிடுங்கி வீசியது. வலப்பக்கச் சுவரோரம் இருந்த பெயிண்ட் டப்பா உருண்டது.

போச்சு என்று நினைத்தான். இனி இந்த அறைக்குள்ளேயே வரமாட்டாள்.

அவள் ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள். அவன் இரண்டு கையையும் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள்.

"அறிவிருக்கா உங்களுக்கு? பிட் எந்தப் பக்கம் சுத்துதோ அதுக்கு எதிராத்தான் தள்ளணும். கூடவே தள்ளினா இழுத்துட்டுப் போயிடும்."

"நீ இடக்கையாச்சே..."

"நான் இடக்கை. மிஷினுமா?"

"வயரை மாத்திக் குடுத்தா மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும்."

"சுத்தும். பல்லு முதுகாலயா கடிக்கும்?"

அவள் ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி, சீப்பைக் கழற்றித் திருப்பி முடுக்கினாள். அவன் சுவிட்சைக் கழற்றக் குனிந்தான்.

"அதைத் தொடாதீங்க. அது அங்கதான் இருக்கணும்."

இடக்கையால் சுவிட்சைத் தட்டினாள். மிஷின் இரைந்தது. அவள் தோள் ஒருமுறை இறுகி இளகியது. வலக்கையால் கட்டையைத் தள்ளி, பலமான இடக்கையால் தடுப்போடு அழுத்தினாள். கட்டை இடப்பக்கம் வெளியே வந்தது. ஓரம் வழவழவென்று வளைந்திருந்தது.

அவன் அதைத் தடவிப் பார்க்கப் போனான்.

"அப்புறம் கொஞ்சலாம். அடுத்ததை எடுங்க" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.