இரண்டு தழும்பும் பதினான்கு படியும்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசிக் கேள்வியில் பிறந்தது. மருத்துவமனையிலிருந்து சுஹைனா என்ற நர்ஸ் பேசினாள்.

"ஐயா, உங்க பொண்ணு கீர்த்திகாவுக்கு முட்டி ஜவ்வு கிழிஞ்சு, தொளை போட்டு ஆபரேஷன் பண்ணுனோம். பதினோரு வருஷம் ஆச்சு. அப்ப பண்ணிக்கிட்டவங்க இப்ப எப்படி இருக்காங்கன்னு கேட்டு எழுதுறோம். படி எறங்குறப்ப வலிக்குதாங்க?"

"எங்க வீட்டுல யாருக்கும் ஆபரேஷன் நடக்கல" என்று வைத்துவிட்டார் சோமசேகரன்.

சோமசேகரன் நான் அல்ல. தலத்தெருவில் எங்கள் குடும்பத்தை அறிந்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

2

முதல் தொடக்கம்: 'கல்லூரிக் கபடியில் கீர்த்திகா கால் மடங்கி…' வேண்டாம். எங்கள் வீட்டுப் பெண் (அவர் வீட்டுப் பெண்) ஊர் பார்க்க விழ வேண்டியதில்லை.

இரண்டாம் தொடக்கம்: 'ஜவ்வைத் தைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.' மகளுக்குச் சொல்லப்பட்டது இதுதான். எழுதி முடித்ததும், பட்டப்பகலில், மாடிப்படியின் உச்சியில் 'டக்' என்றது. அவள் கல்யாணமாகிப் போனதிலிருந்து மாடி பூட்டிக் கிடக்கிறது.

'நிச்சயமாகத் தைக்க முடியாது' என்று திருத்தினேன். டக். ஒரு படி கீழே.

(கதை எழுதுகிறவன் காட்டும் பூச்சாண்டி என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதன்பின் அதே வாக்கியத்தைப் பதினோரு விதமாக எழுதிப் பார்த்தேன்; ஒவ்வொன்றுக்கும் ஒரு படி இறங்கியது. மொத்தம் பதினான்கு படிகள்.)

3

டாக்டர் சொன்னது வேறு. "சின்னப் பொண்ணு, தைச்சிடலாம். ஆறு வாரம் ஊன்றுகோல் வேணும். நறுக்கி எடுத்தா சீக்கிரம் நடந்துடுவா, ஆனா பின்னால முட்டி தேய்ஞ்சிடலாம்."

கல்யாணத்துக்கு இருபத்தைந்து நாள்தான் இருந்தது. அடிபட்ட வலது காலைத் தூக்கி அம்மி மிதிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் எதிரில் ஊன்றுகோலா?

"நறுக்கிடுங்க" என்றார் சோமசேகரன். மகளைக் கேட்கவில்லை. முட்டியில் இருந்த இரண்டு தழும்புகளை அம்மைத் தழும்பு என்று சம்பந்திக்குச் சொன்னார். அவள் ஊன்றுகோல் இல்லாமல் அம்மி மிதித்தாள். அன்று அவர் தலை எவ்வளவு நிமிர்ந்திருந்தது!

4

நேற்று மகள் திருநள்ளாற்றிலிருந்து பேசினாள்.

"அப்பா, முப்பத்துநாலு வயசுல எனக்கு அறுவது வயசு முட்டியாம். அப்பவே ஏன் தைக்கலன்னு புது டாக்டர் கேக்குறாரு. பழைய ஃபைல் மாடி பீரோலதான இருக்கு? நாளைக்கு வர்றேன். நீங்க பாட்டுக்குச் சாவிய எடுத்துக்கிட்டு கோயிலுக்குப் போயிடாதீங்க."

ஃபைலின் கடைசித் தாளில் டாக்டர் எழுதியிருக்கிறார்: 'தைக்கலாம் என்று சொல்லப்பட்டது. தந்தை மறுத்தார்.'

5

முடிவு ஒன்று: சோமசேகரன் மாடியேறி அந்தத் தாளைக் கொளுத்துகிறார். எழுதிப் பார்த்தேன். படியில் நிற்பதைத் தாண்டி அவரால் ஏற…

முடிவு இரண்டு: சாவியை நீட்டி, "தைக்க வேணாம்னு நான்தாம்மா" என்று…

வாசலில் ஆட்டோ நிற்கிறது. நொண்டி வருகிற காலடி, நடுவே ஊன்றுகோலின் டக். அதே நொடியில் எனக்குப் பின்னால், கடைசிப் படியிலும் டக்.

"அப்பா, சாவி எங்க?"

என் இடுப்பில் இருக்கிறது.

அவளுக்கான பதிலை நீங்கள் எழுதுங்கள். தைக்க முடியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இனி அது இறங்கப் படி இல்லை.