மேடையேறிய குசினி

தேநீர்த் தட்டோடு விறாந்தைக்கு வந்த மாகிரட் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சந்தியில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் கோட்டில் வழக்குப் பேசும் அப்புக்காத்து சோமசேகரம் தன் தேர்தல் பேச்சில் நடுத்தர வர்க்கத்துக்கு வந்திருந்தார்.

"ஏழைக்குச் சங்கம் இருக்கிறது. பணக்காரனுக்கு வங்கி இருக்கிறது. இந்த நாட்டின் முதுகெலும்பான நடுத்தர வர்க்கத்துக்கு மானம் ஒன்றுதான் இருக்கிறது."

கைதட்டல் வேலிகளைத் தாண்டி வந்தது. விறாந்தைக் கதிரையில் இருந்த றோஸ் மெச்சுதலாகத் தலையாட்டினாள். மகன் றொபேட்டுக்குப் பெண் பார்க்க அவனோடு கந்தளாயிலிருந்து வந்திருந்தாள். றொபேட்டுக்கு அங்கே கந்தோரில் கிளாக்கர் வேலை. மாகிரட்டின் மகள் இன்பமலருக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் சீதனத்தில் முறிந்தன. இதுவும் தவறினால் இனி ஒருவரும் இந்தப் படியேற மாட்டார்கள் என்று புருஷன் சூசைப்பிள்ளை காலையிலேயே மாகிரட்டிடம் சொல்லியிருந்தார்.

தேர்தலுக்கு வாக்குக் கேட்டு மூன்று நாளைக்கு முன் சோமசேகரம் இதே கதிரையில்தான் இருந்தார். சூசைப்பிள்ளை பூசைக்குப் போயிருந்த நேரம். உங்கட குறை என்னம்மா என்று அவர் கேட்டார். அப்படி ஒருவர் கேட்டு எத்தனையோ வருடம். ரைப்பிங் பாஸ் பண்ணிய மகளுக்கு ஒரு வேலைக் கடிதம் வேண்டுமென்று மாகிரட் ஆரம்பித்தாள். அவரோடு வந்தவர் கொப்பியை விரித்து எழுதத் தொடங்கினார். மனு எழுதுகிறார் என்றே அவள் நினைத்தாள். எழுத எழுதக் கூடச் சொன்னாள். புருஷனுக்கும் சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னாள்.

"பெயர் சொல்ல மாட்டேன்," என்றது ஒலிபெருக்கி. "கோயிலடி ஒழுங்கையில் நீலக் கேற் போட்ட ஒரு வீடு. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். ரைப்பிங் படித்த பெண் பத்து வருடமாக வீட்டில். மத்தியானத்தில் அந்தத் தாய் குசினியில் என்ன செய்கிறாள் தெரியுமா? வெங்காயமும் றம்பை இலையும் தாளிக்கிறாள். சட்டியில் கறி இல்லை. உள்ளே வெறும் அவித்த மரவள்ளி. வாசம் மட்டும் அயலட்டைக்கு."

சற்று முன் தாங்கள் திறந்து வந்த கேற்றை றோஸ் திரும்பிப் பார்த்தாள். றொபேட் தன் சப்பாத்தைப் பார்த்தான். சூசைப்பிள்ளை எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். சத்தம் வாசலால் வந்தது.

"நீயே சொன்னனீ?" என்றார் மெதுவாக.

"வேலைக்கெண்டுதான் சொன்னனான்."

றோஸ் தேநீரை முழுவதும் குடித்துவிட்டே எழுந்தாள். நல்ல மனுஷிதான். மாகிரட்டின் கையைப் பிடித்தாள்.

"குறை நினையாதையுங்கோ தங்கச்சி. எங்கட வீட்டிலயும் இந்தத் தாளிப்புத்தான். அதாலதான் காசு இருக்கிற இடமாப் பாத்துச் சீதனத்தோட எடுப்பமெண்டு வந்தனாங்கள்."

இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். அறை வாசலில் இன்பமலர் பூவும் சேலையுமாக நின்றாள். கண்ணில் ஈரம் இல்லை. அதுதான் தாயைப் பயமுறுத்தியது.

"அந்த வீட்டார் இங்கே வருவார்களா? வரமாட்டார்கள். அதுதான் அவர்களின் மானம். வந்தால் இந்த மேடையிலேயே தலை வணங்குவேன்," என்று சோமசேகரம் உருகினார்.

இன்பமலர் செருப்பை மாட்டினாள்.

"எங்க பிள்ளை போறாய்?"

"அவர் கூப்பிடுறார் அம்மா."

ஊர் சிரிக்கும் என்று தகப்பன் குறுக்கே வந்தார். அவள் நிற்கவில்லை. "ஊர் கேட்டுட்டுதப்பா. இனி மறைக்க என்ன கிடக்கு?"

மாகிரட்டும் பின்னால் போகப் பார்த்தாள். வாசற்படி தாண்டவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புக்காத்து விலைவாசிக்குப் போய், பாண் வரிசைக்குப் போய், திடீரென்று நின்றார். மேடையில் என்னவோ சலசலப்பு. பிறகு ஒழுங்கை முழுவதும் மகளின் குரல் கேட்டது.

"நான் இன்பமலர். அந்த நீலக் கேற் எங்கட வீடு. அம்மா உங்களுக்குக் கதை சொல்லேல்லை ஐயா, வேலை கேட்டவ. நீங்கள் கதைச்சதைக் கேட்டு, என்னைப் பாக்க வந்த ஆக்கள் எழும்பிப் போட்டினம்."

அடுத்த கணம், அன்றைய கூட்டத்திலேயே பெரிய கைதட்டல்.

"பார்த்தீர்களா?" சோமசேகரத்தின் குரல் தழுதழுத்தது. "இதுதான் நடுத்தர வர்க்கத்தின் வீரம். நாளைக்குக் கப்பல்துறைக் கூட்டத்திலும் இந்தத் தங்கை பேசுவார்."

சூசைப்பிள்ளை தலையைக் கையால் பிடித்துக்கொண்டு கதிரையில் சரிந்தார்.

"மைக்கைத் தாங்கோ ஐயா. நான் இன்னும் முடிக்கேல்லை."

மகளின் குரல் மைக்குக்குத் தூரத்திலிருந்து வந்தது. ஒலிபெருக்கி ஒருமுறை இரைந்தது. உடனே கட்சிப் பாட்டைப் போட்டுவிட்டார்கள்.

மாகிரட் தூணை விட்டாள். வேலிகளுக்கு மேலால் தலைகள் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் குனியாமல் நடந்தாள். சந்தியை நெருங்கியபோது பாட்டு காதை அடைத்தது. அதற்குக் கீழே, மைக் இல்லாமலே, மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.