மாலை போட்ட படம்

ஆர்ப்பாட்டத்துக்கு வந்த இடத்தில்தான் பையைத் திறந்தேன். செலாமின் படத்துக்கு இவர் மாலை கட்டிவைத்திருக்கிறார். மஞ்சள் செவ்வந்தி, நடுவில் ஒரு சிவப்பு ரோசாப்பூ.

"உங்களுக்கென்ன விசரே? அவள் செத்துப்போனாள் எண்டு ஆர் சொன்னது?"

"ஆர்ப்பாட்டத்துக்கு எண்டு சொன்னனீர்தானே. மாலை போடாத படம் எப்ப தூக்கினனாங்கள்?" என்றார் என் கணவர் தில்லைநாதன். பாவம், மனுசனைச் சொல்லியும் குற்றமில்லை. ஒஸ்லோவில் நாங்கள் இதுவரை தூக்கியதெல்லாம் ஊரில் யுத்தத்தில் செத்தவர்களின் படங்கள்தான்.

பாராளுமன்றத்துக்கு முன்னால் ஈரப்பனி கொட்டியது. கறுப்புப் பெண்களை அடிப்பதையும் கொல்வதையும் இனியாவது கண்திறந்து பாருங்கள் என்று கத்த வந்த கூட்டம். அதிலும் பாதிப் பேருக்குக் குளிரில் தொண்டை கட்டியிருந்தது.

செலாம் எரித்திரியாக்காரி. எல்லிங்ஸ்ருட்டில் முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை. புருசன் சூடு வைத்த கையைக் காட்டிப் பொலிசில் முறையிட அவள் போனபோது நானும் கூடப் போனேன். "உங்கட ஆக்களுக்குள்ளை இது வழக்கமோ?" என்று கேட்டான் மேசைக்கு அங்காலே இருந்தவன். நாசமாய்ப் போவான். பிறகு செலாம் வேலைக்கு வரவில்லை. தானாகத்தான் எங்கேயோ போய்விட்டாளாம், புருசன் சொல்கிறான், எல்லோரும் நம்புகிறார்கள். அவளுடைய மாரிக் கோட் வீட்டிலேயே தொங்குகிறது. இந்தக் குளிருக்குள் கோட் இல்லாமல் எவள் தானாகப் போவாள்?

மாலையைக் கழற்றப் பார்த்தேன். இவர் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார். விரல் விறைத்துவிட்டது. அதற்குள் செலாமின் தங்கை ஹிவெத் வந்துவிட்டாள்.

படத்தைக் கண்டதும் அழுதாள். "எவ்வளவு அழகு! அவளுக்கு ஒருத்தரும் பூக் கொடுத்ததில்லை," என்று நோர்வே மொழியில் சொல்லி, பூவை முத்தமிட்டாள். "உங்கள் வழக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம்?"

இவர் நிலத்தைப் பார்த்தார்.

"மதிக்கிறவர்களுக்குப் போடுவது," என்றேன்.

"அப்படியென்றால் வாடவிடாதீர்கள் அக்கா. அவள் வந்ததும் அவள் கழுத்தில் நானே போடுவேன்."

ஐயோ, பிள்ளை! நான் என்ன செய்வேன்?

"செலாம் எங்கே?" என்று கூட்டம் கத்தியது. ஹிவெத் படத்தைத் தலைக்கு மேலே தூக்கினாள். படத்தின் கண்ணாடியில் பனி அப்பி, செலாமின் முகம் மறைந்து மாலை மட்டும் தெரிந்தது. நான் எம்பி எம்பிச் சட்டைக் கையால் துடைத்தேன். முகம் தெரிந்தது. பிறகும் பனி மூடியது. பிறகும் துடைத்தேன்.