சோத்துக்கைப் பக்கம்

பல் டாக்டரின் நாற்காலியில் கிடந்தவளுக்கு எட்டு வயது. கீழ்வரிசையில் இரண்டு பக்கமும் சொத்தை, வலிப்பது ஒன்று. இன்று பிடுங்கப்போவதும் அந்த ஒன்றைத்தான்.

"எந்தப் பக்கம்மா வலி?" என்றார் டாக்டர்.

"சோத்துக்கைப் பக்கம்."

அவர் வலது பக்கம் ஊசியைக் குத்தினார். ஆனால் அவள் சோறு தின்பது இடது கையால். அதுவும் வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. "வெளியில யாராச்சும் பார்த்தாங்க, தோலை உரிச்சிடுவேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்தக் கையை ஸ்கேலால் அடித்தே வீங்க வைத்திருந்தாள்.

கன்னம் மரத்துக்கொண்டே வந்தது. தப்பான கன்னம். டாக்டர் குறடை எடுத்தார். சொன்னால் குட்டு உடையும். சொல்லாவிட்டால் வேறு பல் போகும்.

"ஆ காட்டு, ராசாத்தி."

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, இடது கையைக் குவித்துச் சோறு அள்ளுவதுபோல் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"என்ன, அதுக்குள்ள பசிக்குதா?" என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்தி, கதவோரம் நின்ற அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, உங்க பொண்ணு இடது கையா?"

"ஐயோ, இல்ல சார்! சும்மா விளையாடுறா," என்றாள் அம்மா.

குறடு மறுபடி கிட்டே வந்தது.

"பீச்சாங்கை!" கோணிய வாயோடு அவள் கத்தினாள். "நான் பீச்சாங்கை சார்! அந்தப் பக்கம்தான் வலிக்குது!"

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு ஊசி தேடப் போனார். அம்மா கிட்டே வந்து அந்த இடது கையை இறுக்கிப் பிடித்தாள். தைரியம் சொல்லவா, மறைக்கவா என்று மகளுக்குத் தெரியவில்லை.